சாய்கோடு இரண்டான கதை

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை விற்பனைக்கு விட்டபோது அதில் ஃபோல்டர் என்று ஒன்று கிடையாது. ஒரு ஃப்ளாப்பியில் 160 கிலோபைட் இடம். அதில் அதிகபட்சம் 64 ஃபைல்கள். எல்லாம் ஒரே பட்டியலில் நிற்கும். 64 பெயர்களைக் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிடலாம், அதற்கு எதற்கு அறை, அடுக்கு எல்லாம்? ஃபைல் ‘ஏ’ ட்ரைவில் இருக்கிறதா ‘பி’ ட்ரைவில் இருக்கிறதா என்று சொன்னால் போதும், முகவரி முடிந்தது.

விண்டோஸ் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய நிரல் லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் ஃபைலைக் காணோம் என்று நின்றுவிடுகிறதே, அந்தத் தொல்லையின் வேர் இந்த 64 பெயர்ப் பட்டியலில்தான் இருக்கிறது. ஃபோல்டர்களைப் பிரித்துக் காட்ட விண்டோஸ் \ போடுகிறது. லினக்ஸும் மேக்கும் இணையமும் / போடுகின்றன. மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே எதிர்த்திசையில் போனது என்று பலர் நினைக்கிறார்கள். நடந்தது வேறு. ஃபோல்டர் வந்து சேர்ந்த நாளில் / ஏற்கெனவே இன்னொரு வேலையில் அமர்ந்திருந்தது.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற யோசனை ஐபிஎம் பிசியைவிடப் பதினாறு வருடம் மூத்தது. மல்ட்டிக்ஸ் என்ற இயங்குதளத்துக்காக டேலி, நியூமன் என்ற இருவர் 1965-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் அந்த மரவடிவ அமைப்பு முழுசாக இருக்கிறது. மல்ட்டிக்ஸில் பாதையைப் பிரித்த குறி >. ஒரு படி மேலே போக <. திசை காட்டும் குறி என்பதால் பார்த்தவுடன் புரியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஷிஃப்டை அழுத்த வேண்டும்.

அந்தத் திட்டத்திலிருந்து பெல் ஆய்வகம் 1969-இல் விலகியது. அங்கே வேலை பார்த்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-7 என்ற சின்ன இயந்திரத்தில் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். அந்த முதல் யூனிக்ஸில் பாதை எழுத வழியே இல்லை. கட்டளைக்கு வெறும் பெயரைத்தான் கொடுக்க முடியும் என்று ரிச்சி பின்னால் பதிவு செய்திருக்கிறார். பிடிபி-11-க்கு மாறிய பிறகுதான் / பிரிகோடாக நிலைத்தது. < > இரண்டும் யூனிக்ஸில் வேறு வேலைக்குப் போயின: ஒரு கட்டளையின் வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பிவிடுவது, ஃபைலிலிருந்து உள்ளீடு வாங்குவது. எத்தனை வட்டு மாட்டினாலும் எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். வேருக்குப் பெயர் கிடையாது, வெறும் / மட்டும்.

இதே காலத்தில் டிஇசி நிறுவனத்தின் இயந்திரங்களில் வேறொரு வழக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே கட்டளைக்கு விருப்பங்கள் சொல்ல / போடுவார்கள். பில் கேட்ஸும் பால் ஆலனும் 1975-இல் ஆல்டேர் கணினிக்கான பேசிக் மொழியை உருவாக்கியது ஹார்வர்டிலிருந்த டிஇசி பிடிபி-10-இல். அந்தக் கைப்பழக்கம் மைக்ரோசாஃப்டோடு கூடவே வந்தது. சிபி/எம் இயங்குதளத்துக்காக அவர்கள் விற்ற அசெம்ப்ளரிலும் லிங்கரிலும் விருப்பங்கள் / போட்டுத்தான் வரும். ஐபிஎம் பிசியின் டாஸ் இயங்குதளத்திலும் அதுவே. ஃப்ளாப்பியை ஃபார்மாட் செய்து அதில் சிஸ்டத்தையும் ஏற்ற வேண்டுமா? ‘ஃபார்மாட் /எஸ்’ என்று அடிப்பார்கள். ஃபோல்டரே இல்லாத உலகில் அந்தக் கோட்டுக்கு வேறு எந்த வேலையும் இருக்கவில்லை.

1983 மார்ச்சில் ஐபிஎம் எக்ஸ்டி வந்தது. உள்ளே 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க். ஒரே பட்டியலில் அத்தனை ஃபைல்களையும் போட்டால் யாரும் எதையும் தேடி எடுக்க முடியாது. அதற்காக டாஸ் 2.0 எழுதப்பட்டது. மார்க் ஸ்பிகோவ்ஸ்கி தலைமையில் ஒரு சிறு குழு. விண்டோஸில் ஓடும் ஒவ்வொரு எக்ஸி ஃபைலின் முதல் இரண்டு எழுத்தாக இன்றைக்கும் இருக்கும் ‘எம்இசட்’ இவருடைய தலைப்பெழுத்துகள்தான். மைக்ரோசாஃப்ட் அப்போது ஜெனிக்ஸ் என்ற பெயரில் சொந்தமாக ஒரு யூனிக்ஸையே விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே குழுவுக்கு யூனிக்ஸ் அந்நியம் இல்லை. மரவடிவ ஃபோல்டர், பைப், உள்ளீட்டையும் வெளியீட்டையும் திருப்பும் < >, ஒரு படி மேலே போக இரண்டு புள்ளி என்று ஏகப்பட்டதை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். / மட்டும் எடுக்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதை ஒரே கட்டளையில் பார்க்கலாம். டாஸில் ‘டிஐஆர்/டபிள்யூ’ என்று இடைவெளி விடாமல் அடிக்கலாம். ஃபைல் பட்டியலை அகலவாக்கில் காட்டு என்று அர்த்தம். இன்றைய விண்டோஸின் கருப்பு ஜன்னலிலும் இது வேலை செய்யும். / பிரிகோடாகவும் இருந்தால் இதே எழுத்துகள் ‘டிஐஆர் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் டபிள்யூ என்ற நிரலை ஓட்டு’ என்றும் ஆகும். எதை எடுத்துக்கொள்வது? ஏற்கெனவே பிசி வாங்கியவர்கள் இருந்தார்கள், அவர்கள் எழுதி வைத்த பேட்ச் ஃபைல்கள் இருந்தன, / பயன்படுத்தும் ஐபிஎம் கருவிகள் இருந்தன. பழையதை உடைக்கக் கூடாது. ஆகவே கண்ணாடியில் பார்த்த / ஆக, \ வந்து உட்கார்ந்தது. ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் அது இடது ஷிஃப்டுக்கும் இசட்டுக்கும் நடுவில், ஒரே தட்டில் கிடைக்கும் இடத்தில் இருந்தது.

அந்த எழுத்துக்கும் ஒரு பூர்விகம் உண்டு. ஐபிஎம்மில் வேலை பார்த்த பாப் பீமர் 1961-இல் அதை எழுத்துக்குறித் தொகுதிக்குள் கொண்டுவரப் போராடினார். அல்கால் மொழிக்கு ‘மற்றும்’, ‘அல்லது’ என்ற இரண்டு தருக்கக் குறிகள் தேவைப்பட்டன. / உடன் \ சேர்ந்தால் /\ என்றும் \/ என்றும் இரண்டையும் ஒட்டிக் கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. 1963-இல் ஆஸ்கி தரத்தில் அது இடம்பிடித்தது. அதன் எண் 92. அல்கால் மறைந்துவிட்டது, எழுத்து தங்கிவிட்டது.

டாஸ் 2.0 குழு அரைக் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தது. கட்டளை வரியில்தான் \ கட்டாயம். உள்ளே இருக்கும் டாஸின் கருவுக்கு எதைக் கொடுத்தாலும் சம்மதம், / என்றாலும் \ என்றாலும் ஃபைலைத் திறக்கும். கான்ஃபிக் ஃபைலில் ‘ஸ்விட்ச்சார்’ என்று ஒரு வரி எழுதினால் விருப்பக் குறியை - ஆக மாற்றிக்கொண்டு, கட்டளை வரியிலும் பாதைக்கு / போடலாம். சுத்தமான யூனிக்ஸ் ஆசை அது. அடுத்த பெரிய பதிப்பில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். ஆனால் உள்ளே இருந்த சம்மதம் இன்றுவரை தொடர்கிறது: விண்டோஸில் சி நிரலிலோ பைத்தானிலோ / போட்டுப் பாதை கொடுத்தால் பெரும்பாலும் திறக்கும். இது தெரியாமல் பத்து வருடம் இரட்டை \ அடித்தவர்கள் எத்தனையோ பேர்.

இரட்டை ஏன் என்றால், இங்கேதான் கதை சிக்கலாகிறது. சி மொழியின் முன்னோடியான பி மொழியில் புது வரிக் குறியை * போட்டு எழுதினார்கள். சி மொழி 1970-களின் தொடக்கத்தில் அதை \ ஆக்கியது. அதாவது டாஸ் அந்த எழுத்தை எடுப்பதற்குப் பத்து வருடம் முன்பே அது ‘அடுத்து வருவதை அப்படியே எடுக்காதே’ என்ற எச்சரிக்கைக் குறியாகிவிட்டிருந்தது. சி-யைப் பார்த்து வளர்ந்த மொழிகள் எல்லாம் அதைப் பின்பற்றின. டாஸ் 2.0 முழுக்க அசெம்ப்ளியில் எழுதப்பட்டது; எழுதியவர்களை இது உறுத்தியிருக்க வாய்ப்புக் குறைவு.

உறுத்தியது பின்னால் வந்தவர்களை. \ ஐத் தொடர்ந்து ஆங்கில ‘என்’ வந்தால் புது வரி, ‘டி’ வந்தால் டேப். ஆகவே ‘டெம்ப்’, ‘நியூ’ என்ற ஃபோல்டர்கள் நிரலுக்குள் காணாமல் போகும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் எல்லோருடைய வீட்டு ஃபோல்டரையும் ‘யூசர்ஸ்’ என்பதற்குள் வைத்தது. பைத்தான் 3-இல் \ ஐத் தொடர்ந்து பெரிய ‘யு’ வந்தால் எட்டு இலக்க யூனிகோட் எண் வருகிறது என்று அர்த்தம். ஆகவே பைத்தான் கற்கும் விண்டோஸ் மாணவர் தன் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைலின் பாதையை ஒட்டி நிரலை ஓட்டினால், யூனிகோட் எஸ்கேப் பாதியில் அறுந்துவிட்டது, இடம் 2-3 என்று பிழை வரும். ஃபைலுக்கும் யூனிகோடுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் விழிப்பார். மேற்கோளுக்கு முன்னால் ‘ஆர்’ போட்டு ‘ரா’ சரம் ஆக்கினால் தீரும் என்பார்கள். தீராது, முழுக்க. ரா சரம் ஒற்றை \ இல் முடிய முடியாது. ஃபோல்டர் பாதையோ பல நேரம் அதில்தான் முடிகிறது.

ஜப்பானியர் பாடு இன்னும் மோசம். அவர்களுடைய 1969-ஆம் ஆண்டுத் தரம் 92-ஆம் இடத்தை யென் குறிக்குக் கொடுத்தது. அதனால் ஜப்பானிய விண்டோஸில் பாதைகள் எல்லாம் விலைப்பட்டியல் மாதிரி ¥ ¥ என்று தெரியும். கொரியாவில் ₩. பார்வைக்கு வேடிக்கை, அவ்வளவுதான். உண்மையான தலைவலி ஷிஃப்ட்-ஜிஸ் குறியாக்கத்தில் இருந்தது. அதில் ஒரு ஜப்பானிய எழுத்துக்கு இரண்டு பைட், இரண்டாவது பைட் 92 ஆகவும் இருக்கலாம். கட்டகானா ‘ஸோ’ அப்படிப்பட்ட எழுத்து. பைட் பைட்டாகப் படிக்கும் நிரல் ‘ஸோ’வின் பின்பாதியைப் பிரிகோடு என்று எண்ணி, ஒரு எழுத்தை நடுவில் வெட்டிப் போட்டுவிடும்.

பிரிகோட்டுச் சண்டை இருவருக்குள் மட்டும் நடந்ததும் இல்லை. ஆப்பிள் மேக்கின்டாஷ் 1985-இல் ஃபோல்டர் கொண்டுவந்தபோது முக்காற்புள்ளியை, அதாவது : ஐத் தேர்ந்தெடுத்தது. ஏகார்னின் ரிஸ்க் ஓஎஸ் புள்ளியைப் பிரிகோடாக்கியது. டிஇசியின் விஎம்எஸ் சதுர அடைப்புக்குள் ஃபோல்டர்களைப் புள்ளியிட்டு அடுக்கி, ஃபைலின் பதிப்பு எண்ணையும் கடைசியில் ஒட்டியது. 2001-இல் மேக் யூனிக்ஸுக்கு மாறியதும் ஆப்பிள் ஒரு தந்திரம் செய்தது: ஃபைண்டரில் பெயருக்குள் / போட்டால் உள்ளே யூனிக்ஸ் பக்கம் அது : ஆக இருக்கும். திரையில் ஒன்று, டெர்மினலில் இன்னொன்று. இன்றைக்கும் அப்படித்தான்.

இத்தனை ஊர் வழக்கத்துக்கும் ஒரே நிரல் எழுத வேண்டும் என்ற தேவை 1990-களில் முற்றியது. ஜாவா பிரிகோட்டை ஒரு மாறிலியாகக் கொடுத்தது: ஓடும் இயந்திரத்துக்கு ஏற்ப / அல்லது \ . பைத்தானில் ‘ஓஎஸ்.பாத்’. இது உண்மையில் ஒரு மாறுவேடம். யூனிக்ஸுக்கு ஒரு தொகுப்பு, விண்டோஸுக்கு ஒரு தொகுப்பு, பழைய மேக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. எந்த இயந்திரத்தில் ஓடுகிறதோ அந்தத் தொகுப்பு ஓஎஸ்.பாத் என்ற பெயரில் வந்து நிற்கும். மேக்குக்கானதை 3.8 பதிப்பில்தான் தூக்கி எறிந்தார்கள்.

ஓஎஸ்.பாத்திலுள்ள ‘ஜாயின்’ நல்ல கருவி. ஆனால் சாதுவாகத் தெரியும் அளவுக்குச் சாது கிடையாது. ‘/தரவு’ என்பதோடு ‘/கடிதம்’ என்பதை இணைக்கச் சொன்னால் கிடைப்பது ‘/கடிதம்’ மட்டும். இரண்டாவது / இல் தொடங்குவதால் அது வேரிலிருந்து கிளம்பும் முழுப் பாதை, முதல் பகுதி தேவையில்லை என்று விட்டுவிடும். விதிப்படி சரிதான். ஆனால் இரண்டாவது பகுதி இணையத்தில் யாரோ ஏற்றிய ஃபைலின் பெயராக இருந்தால், அவர் உங்கள் சர்வரில் விரும்பிய இடத்தில் எழுதலாம். விண்டோஸில் ‘சி:’ என்பதோடு ‘கடிதம்’ இணைத்தால் ‘சி:கடிதம்’ வரும், நடுவில் கோடு இருக்காது. பிழை என்று நினைப்பீர்கள். இல்லை, டாஸ் காலத்திலிருந்து ஒவ்வொரு ட்ரைவுக்கும் தனித்தனியாக ‘இப்போது நிற்கும் ஃபோல்டர்’ உண்டு. ‘சி ட்ரைவில் நான் நிற்கும் இடத்திலுள்ள கடிதம்’ என்பது அதன் பொருள். ட்ரைவ் எழுத்து சிபி/எம்மிலிருந்து வந்தது, மரம் யூனிக்ஸிலிருந்து வந்தது. இரண்டையும் ஒட்டிய தையல் இங்கே தெரிகிறது.

பாதையைச் சரமாக வைத்துக்கொண்டு, சரத்தை வெட்டி ஒட்டும் கருவிகளைக் கூட்டிக்கொண்டே போனால் இது தீராது என்பது என் கட்சி. பைத்தான் உலகமும் அந்த முடிவுக்கு மெதுவாகத்தான் வந்தது. பாதையைத் தனிப் பொருளாக்கும் முன்மொழிவு ஒன்று 2006-இல் நிராகரிக்கப்பட்டது. அதில் பாதை சரத்தின் வாரிசாகவே இருந்தது. சரத்துக்கு உரிய எல்லாச் செயலும் பாதைக்கும் வரும், அதில் பாதி அபத்தம். 2012-இல் ஆண்ட்வான் பித்ரு இன்னொன்றை முன்வைத்தார். பாதை சரமே அல்ல, தனி வகை. 2014 மார்ச்சில் பைத்தான் 3.4-உடன் ‘பாத்லிப்’ என்ற பெயரில் அது வந்தது. இணைப்பதற்கு அவர் எடுத்த குறி: /. வகுத்தல் குறி. வீடு / "ஆவணங்கள்" / "கடிதம்" என்று எழுதினால் விண்டோஸில் \ ஆகவும் லினக்ஸில் / ஆகவும் தானே மாறும். சி++ உலகின் பூஸ்ட் தொகுப்பு ஏற்கெனவே செய்திருந்த வேலைதான் இது. வகுத்தலைப் பாதைக்குப் பயன்படுத்துவது வெறும் குறும்பு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எனக்கு அது கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது ‘ப்யூர்’ பாதைகள். வட்டைத் தொடாமல் பாதையின் இலக்கணத்தை மட்டும் கையாளும் வகை. லினக்ஸ் சர்வரில் உட்கார்ந்துகொண்டு, ஏதோ விண்டோஸ் இயந்திரம் அனுப்பிய லாக்கிலுள்ள பாதையைச் சரியாகப் பிரித்தெடுக்கலாம். ஒரு பாதை எந்த ஊர் இலக்கணப்படி எழுதப்பட்டது என்பதை நிரலிலேயே சொல்லிவிடுகிறோம். சரத்தில் இதற்கு இடமே இல்லை.

வந்த புதிதில் பாத்லிப்பை யாரும் தொடவில்லை, காரணம் சாதாரணமானது: ஃபைலைத் திறக்கும் ‘ஓப்பன்’ கட்டளையே இந்தப் பாதைப் பொருளை ஏற்கவில்லை. சரமாக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. 2016 கடைசியில் 3.6 வந்தபோதுதான் மொழியின் சொந்தத் தொகுப்புகள் அதை ஏற்றன.

பிரிகோட்டை மட்டும் சரிசெய்து நிம்மதியாக இருக்க முடிந்ததா என்றால் இல்லை. ஜிப் வடிவத்தின் விதிமுறை, உள்ளே பாதைகள் / போட்டே இருக்க வேண்டும் என்கிறது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 4.6.1-க்கு முன்பு ஃபோல்டரை ஜிப் செய்யும்போது \ போட்டு எழுதியது. அதை லினக்ஸில் பிரித்தால் சில கருவிகள் ஃபோல்டர் உருவாக்காமல், \ உள்ள நீளப் பெயரோடு ஃபைல்களை ஒரே இடத்தில் கொட்டிவிடும். லினக்ஸுக்கு \ என்பது பெயரில் வரக்கூடிய இன்னொரு எழுத்து. அங்கே பெயரில் வரக்கூடாதவை இரண்டே: / மற்றும் பூஜ்ய பைட்.

விண்டோஸின் விலக்குப் பட்டியல் நீளம். ‘கான்’, ‘ஆக்ஸ்’, ‘நல்’, ‘பிஆர்என்’ என்று பெயர் வைக்க முடியாது. இவை விசைப்பலகை, பிரிண்டர் போன்ற கருவிகளின் பெயர்கள். ஃபோல்டர் இல்லாத டாஸ் 1-இல் கருவிகளுக்குத் தனி இடம் கொடுக்க முடியாததால் பெயர்களை ஒதுக்கி வைத்தார்கள். ஃபோல்டர் வந்ததும் பழைய நிரல்கள் உடையாமல் இருக்க, அந்தப் பெயர்கள் எல்லா ஃபோல்டரிலும் இருப்பதாகப் பாவித்தார்கள். லினக்ஸ் கெர்னலின் மூலநிரலில் ‘ஆக்ஸ்’ என்ற பெயரில் ஒரு சி ஃபைல் இருக்கிறது; விண்டோஸ் 10 வரையிலும் அதை அப்படியே இறக்கி வைக்க முடியாது. அதே மூலநிரலின் நெட்ஃபில்டர் பகுதியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் மட்டுமே உள்ள ஜோடி ஃபைல்களும் உண்டு. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் இரண்டையும் ஒன்றென்று கருதி ஒன்றை விழுங்கிவிடும்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, நமக்கு இந்த வம்பு இல்லை என்று நினைக்க வேண்டாம். யூனிகோட்டில் ‘கொ’ எழுத இரண்டு வழி. ககரத்துக்குப் பிறகு ‘ொ’ என்ற ஒற்றைக் குறி, அல்லது ‘ெ’ குறியும் ‘ா’ குறியும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ‘கொடி’ முதல் வழியில் நான்கு குறி, இரண்டாவதில் ஐந்து. லினக்ஸ் பெயரைப் பைட்டுகளாக மட்டும் பார்ப்பதால் ஒரே ஃபோல்டரில் ‘கொடி’ என்ற இரண்டு ஃபைல்கள் இருக்கலாம். 1998-இல் வந்த மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ், நீங்கள் எப்படி எழுதினாலும் பிரித்து ஐந்தாக்கியே சேமித்தது. 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாக எண்ணுகிறது. நீளத்திலும் நமக்கு நஷ்டம்: லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 85 குறிதான். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் அதே பெயர் 255 குறி வரை போகலாம். அங்கே நீளமாகப் பெயர் வைத்த தமிழ்ப் பாடல் ஃபைல் இங்கே நகலாகாது.

இதையெல்லாம் பாத்லிப்பும் கவனிக்காது, வேறு எந்தத் தொகுப்பும் உங்களுக்காகக் கவனிக்காது. தமிழ்ப் பெயர்களை ஒப்பிடும் நிரல் எழுதினால், ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் யூனிகோட்டின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பைத்தானில் ‘யூனிகோட்டேட்டா’ தொகுப்பின் ‘நார்மலைஸ்’ செய்து கொடுக்கும். ஆனால் ஃபைலைத் திறக்க, வட்டின் பட்டியல் தந்த பெயரையே மாற்றாமல் கொடுங்கள். மாற்றிய பெயரை மேக் மன்னிக்கும், லினக்ஸ் மன்னிக்காது.